இரைச்சல் குறிப்பேடு

ராயபுரம்
10.7.2024

அன்புள்ள தம்பி வால்டருக்கு,

அக்கா கரோலின் எழுதுவது. இடது முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. நீயும் மகிமாவும் மருமகனும் சுகமென்று நம்புகிறேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நீ ஹாம் வானொலியில் என்னை அழைக்கிறாய். நான் பதில் தட்டுகிறேன். நீ மறுபடியும் அழைக்கிறாய். உன் புள்ளியும் கோடும் எனக்கு மணிமணியாகக் கேட்கின்றன. என்னுடையவை உன்னிடம் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. கோளாறு என் பக்கமா என்று பார்க்க ரேடியோ ரிப்பேர்காரர் தமீம் பாயை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். அரை மணி நேரம் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்து அவர் சொன்ன தீர்ப்பு இது: "இன்னா டீச்சர், ஒயரு சோக்காத்தான் கீது. காதுக்கார அண்ணன் பேசிக்கினே கீறாரு, நீங்க பேசறது அவுருக்கு ஏறல."

1983 முதல் ஞாயிறு மாலை நான்கு மணியை நாம் தவறவிட்டதில்லை. நீ எண்ணூரிலும் நான் ராயபுரத்திலும் இருந்தபோது பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் நேரிலேயே பேசியிருக்கலாம். ஆனாலும் மோர்ஸ் சாவியைத் தட்டித்தான் பேசினோம். மூன்று வருடத்துக்கு முன் நீ மகள் வீட்டோடு ராமநாதபுரம் பக்கம் போன பிறகுதான் அந்தப் பழக்கத்துக்கு ஒரு நியாயமே கிடைத்தது.

போனில் பேசலாமே என்று மகிமா சொல்கிறாள். சென்ற வாரம் அவள் உன்னிடம் போனைக் கொடுத்தபோது நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி அவளிடமே திருப்பித் தந்துவிட்டாய். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றுதான் நான் கேட்டிருந்தேன்.

விவரமாகப் பதில் எழுது.

உன் அக்கா,
கரோலின்


22.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வால்டர் எழுதிக்கொள்வது. எல்லாரும் சுகம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம், சளி கொஞ்சம். வெயில் மட்டும் நிறைய.

கோளாறு உன் பக்கம் இல்லை, என் பக்கமும் இல்லை. மருமகன் ஜெனிஷ் வேலை செய்யும் சோலார் நிலையத்தில் ஜூன் மாதம் புதிய பகுதியைத் திறந்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் சுவருக்குப் பின்னாலிருந்தே பேனல் தொடங்குகிறது. மொட்டை மாடியில் நின்று பார்த்தால் நம்ம துறைமுகத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து நிலத்தில் கொட்டி உறைய வைத்த மாதிரி இருக்கும். கப்பல் மட்டும்தான் இல்லை.

அன்றிலிருந்து செட்டைத் திறந்தாலே இரைச்சல். சாத்தாங்காடு மார்க்கெட்டில் இரும்புத் தகடு அறுப்பார்களே, அதே சத்தம், நிற்கவே நிற்காது. அதற்குள்ளே உன் தட்டல் எங்கே கிடக்கிறதென்று தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை. புயலுக்கு நடுவிலே லாஞ்சியின் குரலைப் பிடித்தவனுக்கு இந்தக் கதி.

ஜெனிஷிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம். பாவம், அவன் சோறு அங்கேதான்.

பெரிய கோவிலில் கொடியேற்றம் எப்போது? ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

தம்பி,
வால்டர்


ராயபுரம்
29.7.2024

அன்புள்ள வால்டருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் சளிக்கு அனுதாபம். என் முழங்கால் முன்போலவே.

சொன்னால் தப்பாக நினைக்காதே, எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஓய்வுபெற்ற பதினெட்டாம் வருடத்தில் ஓர் உருப்படியான கணக்கு வந்திருக்கிறது.

பேனல்கள் தருவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். ஊருக்குப் போகும் கம்பியில் ஓட வேண்டியது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். இடையில் இருக்கும் இன்வெர்ட்டர் முதலாவதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டித் தைத்து இரண்டாவதாக ஆக்குகிறது. ஒவ்வொரு வெட்டும் ஒரு சின்னக் கூச்சல். ஏக்கர் கணக்கில் இழுத்த கேபிள் ஆன்டெனாவாக நின்று அந்தக் கூச்சலைப் பரப்புகிறது. உன் தகடு அறுக்கும் சத்தம் அதுதான்.

நிரூபிக்க வழி எளிது. தினமும் காலை எட்டு, மாலை நான்கு, இரவு ஏழு, மூன்று வேளையும் செட்டைத் திறந்து இரைச்சலைக் குறித்து வை. துறைமுக ஒயர்லெஸ் அறையில் குறிப்பேடு எழுதினாயே, அந்த ஒழுங்கில் எழுது. சூரியன் மறைந்தால் இன்வெர்ட்டர் தூங்கிவிடும். ஏழு மணிக்கு இரைச்சல் இல்லையென்றால் குற்றவாளி அகப்பட்டான். பிறகு நாம் ஏழு மணிக்கே பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா


2.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம், மன்னிக்கவும். கண் கொஞ்சம் மங்கல்.

ஒரு மாதக் குறிப்பு இத்துடன் இருக்கிறது. காலை எட்டு: இரைச்சல். நான்கு: இரைச்சல். ஏழு மணிக்கும் இரைச்சல்தான் அக்கா. உன் கணக்கு இங்கே சரிப்படவில்லை. சில நாள் சத்தம் ஏறும், சில நாள் இறங்கும். பதினேழாம் தேதி ஏழு மணிக்கு இடப்பக்கம் ரொம்ப அதிகம். எழுதி வைத்திருக்கிறேன்.

இதைப் பெரிய விவகாரமாக்க வேண்டாம். ஆபீசர் யாரையும் கூப்பிட வேண்டாம். நாற்பது வருடம் பேசியாயிற்று. பேசாமல் விட்டதென்ன இருக்கிறது?

வால்டர்


ராயபுரம்
10.9.2024

அன்புள்ள மருமகன் ஜெனிஷுக்கு,

மகிமாவின் அத்தை எழுதுகிறேன். நீங்களும் அவளும் நலமாக இருக்க வேண்டும். முதல் கடிதமே புகாராக அமைவதற்கு வருந்துகிறேன். ஆனால் புகார் புகார்தான்.

உங்கள் நிலையத்தின் மின்காந்த இரைச்சலால் என் தம்பியின் வானொலி மூன்று மாதமாகச் செயலற்றுக் கிடக்கிறது. இதை உங்களிடம் சொல்ல அவன் மறுக்கிறான். உங்கள் வேலைக்குக் கெடுதல் வருமென்று அஞ்சுகிறான். எனக்கு அந்த அச்சம் இல்லை. பிழையைக் கண்டுபிடிக்கும் பொறியாளரை வேலையிலிருந்து அனுப்புகிற நிலையம் உருப்படாது.

பின்வருவனவற்றைத் தெரிவியுங்கள். புதிய பகுதியில் கேபிள்கள் எவ்வாறு போடப்பட்டிருக்கின்றன? எர்த் இணைப்புகள் சோதிக்கப்பட்டனவா? இரவிலும் இன்வெர்ட்டர்கள் ஓடுகின்றனவா? எந்தெந்த நாட்களில் நிலையம் முழுதாக நின்றிருந்தது?

அவன் காதைப் பற்றி மகிமா சொல்லியிருப்பாள். எண்பதுகளில் ஒரு புயலில் எண்ணூருக்கு அப்பால் ஒரு மீன்பிடி லாஞ்சி வழி தவறியது. ஒயர்லெஸ் அறையில் எல்லாருக்கும் வெறும் இரைச்சல்தான் கேட்டது. இவனுக்கு மட்டும் அதற்குள் மூன்று எழுத்துகள் கேட்டன. பதினோரு பேர் காசிமேட்டுக்குத் திரும்பி வந்தார்கள். அதன்பின் பல வருடம் வஞ்சிரம் எங்கள் வீட்டுக்கு விலையில்லாமல் வந்தது. அவனுக்குக் காதுக்காரர் என்று பெயரும் வந்தது. அந்தக் காதுக்கு நீங்கள் ஒரு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

ஆசீர்வாதங்களுடன்,
கரோலின்


4.11.2024

மரியாதைக்குரிய அத்தைக்கு,

ஜெனிஷ் எழுதுகிறேன். கர்த்தரின் கிருபையால் நலம். முழங்கால் எப்படி இருக்கிறது என்று மகிமா கேட்கச் சொன்னாள்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் பல நாள் வேலி ஓரமாக நடந்தேன். கையில் ஒரு சிறு ரிசீவர். நீங்கள் சொன்னது உண்மை. பழைய பகுதிகளில் ஒன்றுமில்லை. புதிய பகுதியின் வடக்கு மூலையில், எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நேர் பின்னால், பேனலிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் போடாமல் ஒன்றை ஒரு வரிசையிலும் மற்றதை அடுத்த வரிசையிலும் இழுத்திருக்கிறார்கள். நடுவில் பெரிய வளையம் உண்டாகி, அது முழுக்க ஆன்டெனாவாகிவிட்டது. இரண்டு இடத்தில் எர்த் இணைப்பும் தளர்ந்திருந்தது. கம்பிகளை ஒன்றாகப் போட்டு, இன்வெர்ட்டருக்கு ஃபில்டர் வைத்து, எர்த்தையும் சரிசெய்தோம். அக்டோபர் இருபதாம் தேதி எல்லாம் முடிந்தது. இப்போது சுவர் ஓரத்தில் ரிசீவரை வைத்தால் அமைதியாக இருக்கிறது.

சில நிலையங்களில் மின்னழுத்தத்தைச் சீராக்க இரவிலும் இன்வெர்ட்டரை ஓட்டுவார்கள். இங்கே அது கிடையாது. பொழுது சாய்ந்தால் எல்லாம் நின்றுவிடும். அக்டோபர் 3 முதல் 11 வரை பெரிய டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி நிலையம் முழுவதும் நின்றிருந்தது. ஒரு இன்வெர்ட்டர்கூட ஓடவில்லை.

என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் கடிதத்தை மேனேஜர் இரண்டு தடவை வாசித்தார். இரண்டாவது தடவை எழுந்து நின்று வாசித்தார்.

இன்னும் மாமாவிடம் சொல்லவில்லை. நீங்களே சொன்னால் சந்தோஷப்படுவார்.

அன்புள்ள,
ஜெனிஷ்


14.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மழை நல்ல மழை.

அக்டோபர் குறிப்பை அனுப்பியிருக்கிறேன். இதுதான் கடைசி. முதல் தேதியிலிருந்து முப்பத்தொன்று வரை ஒரு வேளைகூட விடவில்லை. மாற்றம் ஒன்றுமில்லை. ஐந்தாம் தேதி நான்கு மணிக்கு நல்ல பலம். ஒன்பதாம் தேதி ஏழு மணிக்கு மறுபடி இடப்பக்கம்.

கிறிஸ்துமஸுக்கு மகிமா அங்கே வருகிறாள். செட்டை அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன். உன்னிடம் இருக்கட்டும், இல்லையென்றால் தமீம் பாயிடம் கொடு. இங்கே ஒரு மூலையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அப்பாவின் மோர்ஸ் சாவியும் அந்தப் பெட்டியிலேயே இருக்கும்.

வருத்தப்படாதே.

வால்டர்


ராயபுரம்
20.11.2024

அன்புள்ள ஜெனிஷுக்கு,

உங்கள் வேலையை மெச்சுகிறேன். நான் யாரையும் எளிதில் மெச்சுவதில்லை.

வால்டரின் அக்டோபர் குறிப்பு என் மேசைமேல் இருக்கிறது. உங்கள் நிலையம் நின்றிருந்த அந்த ஒன்பது நாளும் மூன்று வேளையும் அவன் இரைச்சல் கேட்டிருக்கிறான். நீங்கள் எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் கேட்டிருக்கிறான். ஆகஸ்டில் ஒரு தரம், அக்டோபரில் ஒரு தரம் "இடப்பக்கம் அதிகம்" என்று எழுதியிருக்கிறான். அவன் செட்டில் இருப்பது ஒற்றை ஒலிபெருக்கி. அதற்கு இடப்பக்கம் வலப்பக்கம் கிடையாது. அவை மனிதனுக்குத்தான் உண்டு.

உங்கள் இன்வெர்ட்டர்கள் ஓர் இரைச்சலை உண்டாக்கியது உண்மை. அதன் மறைவில் இன்னொன்று ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. அவனுக்கே அது எப்போது புரிந்தது என்று எனக்குத் தெரியாது. புரிந்தபின்னும் அவன் ஒரு வேளை விடாமல் எழுதியிருக்கிறான். ஒயர்லெஸ் அறைக்காரன் பொய்க் குறிப்பு எழுத மாட்டான். கேட்டதை எழுதினான்; எங்கிருந்து கேட்டது என்பதை மட்டும் எழுதவில்லை.

உங்களிடம் மூன்று உதவி கேட்கிறேன். சளிக்கு என்று சொல்லி மகிமா அவனை ஒரு காது மருத்துவரிடம் அழைத்துப் போகட்டும். என் பெயர் அதில் வரக்கூடாது. இரண்டு, இரைச்சல் போய்விட்டது என்று அவனிடம் சொல்லாதீர்கள். கேட்டால், இன்னும் மிச்சமிருக்கிறது, எங்கள் பிழைதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். செய்யாத குற்றத்தை ஒரு பொறியாளர் ஏற்பது முறையல்ல என்பது எனக்குத் தெரியும். மூன்று, அந்தப் பெட்டி ராமநாதபுரத்தைவிட்டு வரக்கூடாது. அது வந்துவிட்டால் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு மணி வெறும் நான்கு மணியாகிவிடும். என்னுடையவற்றிலும்தான்.

கரோலின்


ராயபுரம்
1.12.2024

அன்புள்ள வால்டருக்கு,

சுகம் விசாரிக்கிறேன். இங்கே மழையில் மொட்டை மாடி குளமாகி, தமீம் பாய் ஆன்டெனாவைச் சபித்துக்கொண்டே நிமிர்த்தினார்.

செட்டை அனுப்புவது பற்றி எழுதியிருந்தாய். இடமில்லை. அனுப்பாதே.

உன் புகாரைப் படித்துப் படித்து, என்னுடையதை மறந்துவிட்டேன். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இப்போது நம் தெருமுனை வரை வரிசை கட்டி நிற்கின்றன. எஞ்சினை அணைப்பதில்லை, ஹாரனை விடுவதுமில்லை. அந்தச் சத்தத்தில் வானொலியில் எனக்கும் ஒன்றும் கேட்பதில்லை. எனவே சில காலமாக நான் காதை நம்புவதில்லை. ஒலிபெருக்கியின் காகிதத்தின்மேல் ஒரு விரலை வைத்து வாசிக்கிறேன். ஓசையின் சுருதியைக் குமிழால் எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினால், ஒவ்வொரு தட்டலும் விரலில் துடிக்கும். லாரி எவ்வளவு கத்தினாலும் விரலுக்கு அது எட்டாது.

இது புதிய வித்தையும் அல்ல. கோவிலில் பெரிய ஒலிபெருக்கி வைத்த வருடம் உனக்கு ஒன்பது வயது. சாமியார் பிரசங்கம் செய்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சுகூடக் கேட்காது. பெஞ்சின் ஒரு முனையில் நீ, மறுமுனையில் நான், நடுவில் அம்மா. நீ பலகையில் நகத்தால் தட்டுவாய். நான் பலகைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து வாசிப்பேன். பிரசங்கம் முடிவதற்குள் ஆறு முறை பசிக்கிறது என்பாய். ஒருமுறை முன் பெஞ்சு மேத்யூ தாத்தாவின் தலைமுடி விக் என்று தட்டினாய். நான் சிரித்து அம்மாவிடம் கிள்ளு வாங்கினேன். நீ முழங்காலிட்டுக் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாய், போக்கிரி.

இரைச்சல் உன் பக்கமும் இருக்கிறது, என் பக்கமும் இருக்கிறது. ஆகவே இருவரும் விரலால் வாசிப்போம். ஜனவரி ஐந்தாம் தேதி, ஆண்டின் முதல் ஞாயிறு, மாலை நான்கு மணி. மெதுவாகத் தட்டுகிறேன். வருடா வருடம்போல, என் ஒலி எப்படி வந்தது என்று மதிப்பெண் போட்டு முதல் ஞாயிற்றின் அட்டையை நிரப்பி அனுப்பு.

அக்கா


27.12.2024

மரியாதைக்குரிய அத்தைக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். மகிமா கொண்டுவந்த பலகாரம் உங்களுக்குப் பிடித்ததா? நான் இங்கே மாமாவோடு நின்றுவிட்டேன்.

உங்கள் உத்தரவுப்படி குற்றத்தை ஒப்புக்கொண்டேன். மாமா என் தோளில் கை வைத்து, "வுடு நைனா, மெஷினுன்னா சத்தம் போடத்தான் செய்யும், உன்ன சொல்லி இன்னா பண்றது" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். தலை குனிந்துகொண்டேன்.

செட்டைப் பெட்டியில் வைத்துக் கயிறு கட்டி வாசலில் வைத்திருந்தார். மகிமா கிளம்பும் நாள் காலையில் பார்த்தால் பெட்டி வாசலில் இல்லை. மாமாவிடம் கேட்டோம். பஸ்ஸில் மழை பட்டுவிடும் என்றார். அன்று மழை இல்லை.

ஜெனிஷ்


7.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. துறைமுகத்தில் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஊதினவா? சன்னல் கம்பி அதிர்ந்ததா? அதைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்போம், ஞாபகமிருக்கிறதா? இங்கே எல்லாரும் பட்டாசோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மகிமா ஊரிலிருந்து வந்ததுமே என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள், சளிக்கு. அவர் காதுக்குள்ளே விளக்கடித்து ரொம்ப நேரம் பார்த்தார். சளிக்கு ஏன் காதைப் பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. பிப்ரவரியில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிறு நான்கு மணிக்கு நீ தட்டியது வந்து சேர்ந்தது. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு எழுத்து. பிறகு என் பெயர். நீ "பசிக்கிறதா" என்று கேட்டபோது ஜெனிஷ் பக்கத்தில் இருந்தான். நான் தும்மியதாக அவனிடம் சொன்னேன்.

அட்டை இத்துடன்.

தம்பி,
வால்டர்

[அட்டை]
தேதி: 5.1.2025. நேரம்: மாலை 4.10
தெளிவு (ஐந்துக்கு): 4
பலம் (ஒன்பதுக்கு): 7
ஓசையின் சுத்தம் (ஒன்பதுக்கு): ____
குறிப்பு: தட்டும் கை மாறவில்லை.


ராயபுரம்
15.1.2025

அன்புள்ள வால்டருக்கு,

உன் சளி தேறிவருகிறதென்று அறிந்தேன். பிப்ரவரியில் மறக்காமல் போ. சளியை அலட்சியம் செய்யக்கூடாது.

கப்பல்கள் ஊதின. வயதானவை போய்விட்டதால் குரல்கள் முன்போல் கட்டையாக இல்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபக்கத்தைப் பிடிக்க ஆளில்லாததால் ஒரு பாதி வீணாயிற்று.

உனக்கான என் அட்டையை இணைத்திருக்கிறேன். தெளிவு ஐந்து, பலம் ஒன்பது, சுத்தம் எட்டு. எட்டு ஏன் என்று குதிக்காதே. 1991 முதல் வருடம் தவறாமல் என் ஓசையில் கீறல் இருக்கிறதென்று எட்டுக்கு மேல் போட மறுத்தவன் நீ. உலகத்தில் வேறு எந்தக் காதுக்கும் அந்தக் கீறல் கேட்டதில்லை. பழி வாங்க முப்பத்து நான்கு வருடம் காத்திருந்தேன்.

லாரிகள் பற்றிக் கவலைப்படாதே. அவை நின்றாலும் நான் இனி விரலாலேயே வாசிக்கப்போகிறேன், பழகிவிட்டது. வரும் ஞாயிறு நான்கு மணிக்கு, இன்னும் சற்று வேகமாகத் தட்டுவேன். சோம்பேறித்தனம் வேண்டாம்.

உன் அட்டை வந்த அன்று தமீம் பாய் இங்கே இருந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அட்டையைப் பார்த்துவிட்டு, ஏதோ கேட்க வாயெடுத்தார். டீ ஆறுகிறது என்றேன். குடித்துவிட்டுப் போனார்.

பிஸ்கட் டின்னில் மற்ற நாற்பத்தொன்றோடு நாற்பத்திரண்டாவதாக அதை வைத்திருக்கிறேன். வைப்பதற்கு முன் சரிபார்த்தேன். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது.

உன் அக்கா,
கரோலின்